சொன்ன அளவு மீன்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் மூங்கில்பள்ளத்து ஓடையில் தபால்காரர் ஞானப்பிரகாசம் பிடித்த டிரவுட் மீன், பிடித்தபோது ஏழு அங்குலம் இருந்தது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் "முழங்கை நீளம்" என்று சொல்லி முடித்தபோது முழங்கை நீளம் இருந்தது. கூடையின் மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு வால் வெளியே வந்ததைக் கடையில் இருந்த ஒன்பது பேரும் பார்த்தோம், ஞானப்பிரகாசமும் பார்த்தார், பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று அவர் முகம் வாடியதையும் பார்த்தோம். கடைக்காரர் சேவியர் பாதி ஆற்றிய டீயை முழுசாக ஆற்றி அவர் கையில் கொடுத்தார்.

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை, ஏனென்றால் தேயிலைக் கொழுந்து அதிகம் வருகிற காலம் அது, எல்லோருக்கும் வேலை இருந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் அதன் முறை என்ன என்று கண்டுபிடித்துவிட்டோம். பிடித்தவர் வாயால் சொன்னால்தான் செல்லும், பக்கத்தில் நின்றவர் என்ன கத்தினாலும் மீன் காதில் போட்டுக்கொள்ளாது. சட்டியில் போட்டு மஞ்சள் தடவிவிட்டால் அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் ஏறாது. டிரவுட் மட்டும்தான் இப்படி. அணையில் பிடிக்கிற கெண்டையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிப் பார்த்தார்கள், அது கெண்டையாகவே கிடந்தது. அந்தக் காலத்தில் துரைமார்கள் பனிக்கட்டியில் முட்டை வைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து எங்கள் மலை ஓடைகளில் விட்ட மீன் என்பதால், கிளப்பில் உட்கார்ந்து அவர்கள் அளந்த கதைகளையெல்லாம் பரம்பரையாகக் கேட்டு வளர்ந்த மீனுக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும் என்று சேவியர் சொன்னார். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

காரணத்தைவிட இடப் பிரச்சினைதான் பெரிதாக இருந்தது. பேக்டரி டிரைவர் ஒருவர் தன் மீன் ஆறு வயசுக் குழந்தை அளவு இருக்கும் என்று பஸ்ஸில் வைத்துச் சொல்லிவிட, கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார். எஸ்டேட் வரிசைவீடுகளில் மூன்றாம் நம்பர் லயத்தில் ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து மனைவியிடம் பெருமையடித்து, மீன் வாசல் வழியாக வராமல் உள்ளேயே வெட்டி ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாக வெளியே கொடுக்க வேண்டியதாயிற்று. சேவியர் கடையில் தகரக் கூரையின் ஒரு தகடு தூக்கிக்கொண்ட பிறகு, 'இங்கே அரசியலும் மீனும் பேச வேண்டாம்' என்று போர்டு எழுதி மாட்டினார். மாரியம்மன் கோயில் பூசாரி, மீனைப் பற்றிப் பேசுகிறவர்கள் மைதானத்துக்குப் போய் நாலு பக்கமும் இடம் பார்த்துப் பேசும்படி கேட்டுக்கொண்டார். லயத்துப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களிடம், மசாலா இவ்வளவுதான் அரைத்திருக்கிறேன், அதற்குத் தகுந்த மாதிரி வாயைத் திற என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்படியும் ஊரில் யாரும் கொழுத்துவிடவில்லை. சொல்லி வளர்த்த மீனில் சதை இருந்தது, ருசி இல்லை. ஏழு அங்குலத்தில் இருக்கிற ருசிதான் மூன்று அடிக்கும் பரவி, வாயில் வைத்தால் சுரைக்காய் மாதிரி இருந்தது, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பசித்தது. ஆனாலும் மீன் பெரிசாக இருப்பதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே பிடித்தார்கள். விரல் நீளத்தில் ஒரு குஞ்சு கிடைத்தால் போதும், மீதியை வாய் பார்த்துக்கொள்ளும் என்று ஆகிவிட்டதால், கஷ்டப்பட்டு ஒழுங்காக மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள எங்கள் ஊரில் ஒரு ஆள் இல்லை, முத்துராக்குவைத் தவிர.

முத்துராக்குவுக்கு நாற்பத்தோரு வயது. இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள், இருபது வருஷமாகத் தற்காலிகம். அவள் புருஷன் மலையாண்டிதான் பேக்டரியில் நிரந்தரம், அதனால் ஏழாம் நம்பர் லயத்து வீடு அவன் பேரில் இருந்தது. ஆவணியில் தேயிலை மூட்டை தூக்கும்போது அவன் இடுப்பு பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பது எஸ்டேட் சட்டம். பங்குனி கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று கேட்டால் புருஷன், பெண்டாட்டி, பத்தாவது முடித்த மகள் மூன்று பேருக்கும் பதில் தெரியாது. ராக்கு அந்த நாட்களில் சோறு பொங்கும்போதெல்லாம் அடுப்பையும் சுவரையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வாள், அவ்வளவு பயம் அவளுக்கு.

அப்போதுதான் மலையோடை மீன்பிடிப்போர் சங்கத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. வெளியூரிலிருந்து டிரவுட் பிடிக்க வருகிறவர்களை ஓடைக்குக் கூட்டிப்போய் இடம் காட்ட, சொல்லிக்கொடுக்க, ஒரு வழிகாட்டி வேண்டும். ஆணோ பெண்ணோ யாரும் வரலாம், மாசிக் கடைசியில் பரீட்சை. ஓடைக்கரையில் துரைமார் காலத்துக் கல்வீடு ஒன்று இருக்கிறது, இரண்டு அறை, நல்ல கூரை, வழிகாட்டி குடும்பத்தோடு அதில் இருந்துகொள்ளலாம். இந்தக் கடைசி வரியை ராக்கு மகளிடம் மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனாள்.

ஞானப்பிரகாசத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன மீன் கதைகளில் ஒன்றுகூட நிஜமில்லை, ஆனால் சொல்லிக்கொடுத்த வித்தையில் ஒன்றுகூடப் பொய்யில்லை. தபால் பையோடு பத்து எஸ்டேட் நடந்து, வழியில் உள்ள ஓடைகளில் பதினெட்டு வருஷம் கோல் போட்டவர். அவருக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டும், ராக்கு கேட்பாள். அதனால் உடனே சரி என்றுவிட்டார்.

முதல் பத்து நாள் தண்ணீரையே காட்டவில்லை. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் அவளை நிறுத்தி, தன் பழைய கோலைக் கையில் கொடுத்து, நூல் முனையில் தூண்டில் முள்ளுக்குப் பதில் ஒரு சிவப்புக் கம்பளித் துணுக்கைக் கட்டி, வீசச் சொன்னார். மண்புழுவோ மாவோ வைத்துப் பிடிப்பது சங்கத்தில் கூடாது, பொய் ஈ வைத்துத்தான் பிடிக்க வேண்டும்; பொய் ஈக்குக் கனமே கிடையாது, அதனால் கல்லை எறிகிற மாதிரி எறிய முடியாது, நூலின் கனத்தில்தான் அது போக வேண்டும். கோல் என்பது கடிகார முள் என்று வைத்துக்கொள், முன்னால் பத்து மணி, பின்னால் ஒரு மணி, இரண்டுக்கும் நடுவில்தான் உன் உலகம் என்றார். பின்னால் போன நூல் முழுக்க நீளும்வரை பொறுத்திருந்து அப்புறம் முன்னால் தள்ள வேண்டும். பொறுக்காவிட்டால் சவுக்கு மாதிரி சத்தம் வரும், முள் அறுந்துபோகும். பத்து நாளும் காலையில் கொழுந்தெடுக்கப் போகுமுன் ராக்கு பெரட்டுக் களத்தில் நின்று ஒரு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் கையை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, புருஷனுக்கு இடுப்பு, பெண்டாட்டிக்குத் தோள்பட்டை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

பொய் ஈ கட்டுவதில் மட்டும் அவளுக்குப் பாடமே தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுச் செங்கருப்புச் சேவலின் கழுத்து இறகு, கொஞ்சம் பட்டு நூல், ஒரு அரிசி அளவு முள், அவ்வளவுதான். இரண்டு இலை ஒரு மொட்டு என்று இருபது வருஷம் கிள்ளிய விரல்கள் முள்ளில் இறகைச் சுற்றி நூலை இறுக்கி முடிச்சுப் போட்டதைப் பார்த்த ஞானப்பிரகாசம், தான் கட்டியவற்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். சேவல்தான் பாவம், தை மாதத்துக்குள் குளிரில் மப்ளரைத் தொலைத்தவன் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் தண்ணீரில் இறங்கியதும் அதே விரல்கள் காலை வாரின. ஈயை மீன் தொட்ட மாத்திரத்தில் அவள் கை வெடுக்கென்று கிள்ளியது. கொழுந்து பறிக்கிறவர்களின் கை அது, யோசிக்காது, பட்டவுடனே பறிக்கும். ஒரு நாளைக்குப் பல ஆயிரம் தடவை பறித்த கையைத் திடீரென்று பொறு என்றால் எப்படிப் பொறுக்கும். நைலான் நூல் பட் பட்டென்று அறுந்தது, அவள் கட்டிய அழகான ஈக்களையெல்லாம் உதட்டில் மாட்டிக்கொண்டு மீன்கள் போயின. ஞானப்பிரகாசம் யோசித்து ஒரு வழி சொன்னார். மீன் தொட்டதும் உன் வீட்டுக்காரர் பெயரை மனசுக்குள் முழுசாகச் சொல்லு, சொல்லிவிட்டு அப்புறம் கோலைத் தூக்கு. ராக்கு புருஷன் பெயரை இத்தனை வருஷத்தில் வாயால் சொன்னதில்லை, ரேஷன் கடையில்கூட மகளைவிட்டுத்தான் சொல்ல வைப்பாள். மனசுக்குள் சொல்லவும் கூச்சப்பட்டாள். மீன் தொடும், அவள் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி வெட்கப்படுவாள், அந்த வெட்கம்தான் டிரவுட் மீனுக்குச் சரியான நேரம் என்று பிறகு தெரிந்தது.

அப்புறம் தண்ணீரை வாசிக்கக் கற்றாள். டிரவுட் எப்போதும் நீரோட்டத்துக்கு முகம் காட்டி நிற்கும், அதனால் கீழிருந்து மேலே, அதன் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் நிழல் முன்னால் விழும், மீன் நிழலைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அந்தக் கசத்தில், அந்த ஆழக் குட்டையில், மீன் இல்லை என்று அர்த்தம். நுரை போகிற வழியில்தான் பூச்சிகளும் போகும், அந்த வழியோரம் ஏதாவது கல்லுக்குப் பின்னால் மீன் சோம்பேறியாக நின்றுகொண்டு சாப்பாடு வந்து சேர்வதற்குக் காத்திருக்கும். கடைசியாக, மிகவும் கஷ்டமானது, மூழ்கு ஈ. அது தண்ணீருக்கு அடியில் போகும், மீன் வாய் வைப்பது கண்ணுக்குத் தெரியாது, நூல் ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். ராக்கு அதை முதல் நாளே பிடித்துக்கொண்டாள். வீட்டில் பேசாமல் படுத்திருக்கிற மனுஷனுக்கு எப்போது வலிக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு நூல் தயங்குவது தெரியாதா.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் மீனைப் பிடித்தாள். பத்து அங்குலம், விலாவில் வானவில் கோடு, ஞானப்பிரகாசமே குனிந்து இரண்டு தரம் பார்த்தார். அதைக் கூடையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஏறி வரும்போது, குழாயடியில் நின்ற அழகம்மாக்கா என்ன ராக்கு, மீனு கெடச்சுதா என்று கேட்டாள். ராக்கு என்றும் சொல்கிற மாதிரியே, "அட, என்னத்தக்கா, நெத்திலி மாதிரி ஒண்ணு" என்றாள்.

வீட்டில் கூடையைக் கவிழ்த்தபோது நெத்திலி விழுந்தது. மலையாண்டி படுத்த வாக்கில் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான், திருப்பியும் பார்த்தான், மகளிடம் கொடுத்தான். அந்த நெத்திலியை ரசத்தில் போட்டார்கள். பத்து அங்குலத்து ருசியும் அந்த ஒரு விரல் சதைக்குள் இறுகிக் கிடந்ததால், ரசம் மூன்று வீடு தாண்டி மணத்தது.

அடுத்த மீனை, சேலைத் தலைப்பால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். வாசலில் மலையாண்டி ஆசையாக எவ்வளவு தேறும் என்று கேட்டான். சும்மா ஒரு ரெண்டு துண்டு தேறும் என்று அவள் வாய் சொல்லிவிட்டது. கூடையில் தலையும் வாலுமாக ஒட்டினாற்போல ஒரு ஜந்து இருந்தது, சரியாக இரண்டு துண்டு.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, எங்கள் லயங்களில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். இருக்கிறதை இருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும். குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் 'எங்க, ஒண்ணும் சாப்பிடறதே இல்ல' என்போம், புதுச்சேலை கட்டினால் 'பழசுதான்' என்போம். ராக்குவின் மகள் பத்தாவதில் நானூற்று எழுபத்தொரு மார்க் வாங்கியபோது கேட்டவர்களிடமெல்லாம் ராக்கு ஏதோ பாஸ் பண்ணிட்டா என்றுதான் சொன்னாள், அந்தப் பெண் அன்றைக்கு முழுக்க அம்மாவிடம் பேசவில்லை. ராக்குவுக்கு இதில் ஒரு சொந்தக் காயமும் உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு கறவைப் பசு வாங்கி, அது நாலு படி கறக்கும் என்று ஒரே ஒரு நாள், ஒரே ஒருத்தியிடம், உண்மையை அப்படியே சொன்னாள். எட்டாம் நாள் பசு செத்துப்போனது. அதிலிருந்து தன்னுடையது எதுவானாலும் அவள் வாய் தானாக அதைக் கிள்ளிச் சின்னதாக்கி மடியில் ஒளித்துக்கொள்ளும்.

தை பிறந்ததும் சங்கத்துச் செயலாளர் பெள்ளிராஜ் பரீட்சை விதியை ஒட்டினார். அவர் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர், மலைச்சரிவில் சங்கிலி பிடித்து முப்பது வருஷம் அளந்தவர், அளவில் விளையாட்டை அவர் மன்னிக்கமாட்டார். எங்கள் ஊர் மீனின் குணம் அவருக்குத் தெரியும், அதைத் திருத்த அவர் முயலவில்லை, அதையே தராசாக வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இரண்டு மணி நேரம். பிடித்த மீனை உயிரோடு வாளியில் கொண்டுவர வேண்டும். ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்தால் சேர்த்தியில்லை. பிறகு பிடித்தவர் எல்லோர் முன்னாலும் மீனின் நீளத்தைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது மீன் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடினாலும் ஒரு நூல் குறைந்தாலும் அவர் வீட்டுக்குப் போகலாம். நம்பி வருகிற வெளியூர்க்காரனுக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள்தான் வழிகாட்டி என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்.

ஊரே இதில் சிரமப்பட்டது. ஆண்கள் கூட்டிச் சொல்லாமல் இருக்கப் பழகினார்கள். சேவியரும் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருந்ததால், கடைக்கு வருகிறவர்களிடம் பன் எத்தனை நாள் பழசு என்று உண்மையைச் சொல்லிப் பயிற்சி செய்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார். ராக்குவுக்கு எதிர்த்திசையில் சிரமம். மலையாண்டி படுத்துக்கொண்டே ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டுவான், அவள் நீளம் சொல்வாள், மகள் ஸ்கேல் வைத்துப் பார்ப்பாள். கரண்டி, விளக்குமாறு, அடுத்த வீட்டுச் செருப்பு, எல்லாம் நூல் பிசகாமல் சொன்னாள். அவள் கண் அளவு அப்படி. மீன் என்று வந்தால் மட்டும், தன் கையால் பிடித்தது என்று வந்தால் மட்டும், கண்ணுக்குத் தெரிந்த அளவு வாய்க்கு வருவதற்குள் பாதியாகிவிடும். மாசி பாதி வரைக்கும் பதினொரு மீன் பிடித்தாள், ஒன்றுகூட ஆறு அங்குலத்துக்கு மேல் வீடு வந்து சேரவில்லை.

ஞானப்பிரகாசம் தன் பங்குக்குத் தன் வாயைக் கடன் கொடுக்க முயன்றார். இருபது அங்குலம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லு, நாக்கை நல்லா நீட்டிச் சொல்லு என்று சொல்லிக்கொடுத்தார். அவள் சொன்னாள், ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே 'எங்கண்ணே, இருக்காது' என்று பின்னால் ஒட்டிவிட, மீன் இருபதுக்கு நீண்டு அடுத்த மூச்சில் நாலுக்குச் சுருங்கி, பாவம், மயங்கிவிட்டது. அதைத் தண்ணீரில் முகம் ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி, மூச்சு வந்ததும் விட்டார்கள். அதுவும் ஒரு பாடம்தான் என்று ஞானப்பிரகாசம் சொல்லிச் சமாளித்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் ராக்கு அழுதாள். என்னால முடியாதுங்க, சொன்னா ஏதாவது ஆயிடும்னு இருக்கு என்றாள். மலையாண்டி அதிகம் பேசுகிறவன் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"இத்தன வருஷம் எல்லாத்தையும் கொறச்சுக் கொறச்சுத்தான் சொன்ன. எம் பேரு, புள்ள மார்க்கு, உன் ஒழைப்பு, எதையும் ஒரு நாளும் கூட்டிச் சொல்லல. அப்படியும் என் இடுப்பு போச்சு, வீடு போகுது. கண்ணு படறதுனா இதுக்கு மேல என்ன பட இருக்கு ராக்கு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மறுநாளைக்கு வேண்டிய ஈக்களைக் கட்ட உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன்பே ஓடைக்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பதினொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மலையாண்டியை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து ஒரு பாறையில் உட்காரவைத்தார்கள். எல்லோரும் ஓடையில் இறங்கியதும் ராக்கு யாரும் போகாத இடமாக, மேல் கசத்துக்குக் கீழே, முழங்காலில் ஊர்ந்து போனாள். விக்கி மரத்தின் கொம்பு ஒன்று தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருந்தது, அதற்கு அடியில் நுரைக்கோடு ஒரு கல்லைச் சுற்றித் திரும்பியது. அந்த இடத்தில் வீச முடியாது, பின்னால் புதர், மேலே கொம்பு. அவள் கோலைப் படுக்கவைத்து, நூலைப் பக்கவாட்டில் உருட்டிவிட்டாள், மூழ்கு ஈ கொம்புக்கு அடியில் சத்தமில்லாமல் விழுந்து இறங்கியது. ஒரு தரம், இரண்டு தரம், பதினேழு தரம். பதினெட்டாவது தரம் நூல் தயங்கியது. அவள் கிள்ளவில்லை. பொறுத்து, தூக்கினாள், கோல் வளைந்தது, ரீல் கிரீச்சிட்டது, மீன் ஓடையின் நீளத்துக்கும் ஓடியது, அவள் ஓடுகிறபோது விட்டாள், நிற்கிறபோது சுற்றினாள், கல்லுக்குள் நுழையப் பார்த்தபோது கோலைச் சாய்த்துத் திருப்பினாள். கரையில் ஞானப்பிரகாசம் இரண்டு கையாலும் தன் வாயை மூடிக்கொண்டிருந்தார். வாளியில் விழுந்தபோது அந்த மீன் வளைந்துதான் படுக்க முடிந்தது.

அளக்கிற நேரம் வந்தது. வாளிகள் வரிசையாக இருந்தன, பெள்ளிராஜ் பித்தளை ஸ்கேலோடும், தண்ணீர் ஊற்றிய நீளத் தகரத் தொட்டியோடும் உட்கார்ந்திருந்தார். சேவியரின் மீன் ஒன்பதே முக்கால்; அவர் கண்ணை மூடி, வியர்த்து, பத்து என்றார், மீன் கால் அங்குலம் நீண்டது, அவர் தலையில் அடித்துக்கொண்டார். பேக்டரி டிரைவர் ஒன்பதரை மீனை வைத்துக்கொண்டு நாக்கைக் கட்டுப்படுத்தி ஒன்பதரை என்று சரியாகவே சொன்னார், கூட்டம் கைதட்டியது, கைதட்டலைக் கேட்டதும் 'கிட்டத்தட்டப் பன்னெண்டுன்னே வச்சுக்கலாம்' என்றார், மீனும் வைத்துக்கொண்டது. ஒருவர் பயத்தில் பேசவே மறுத்துவிட்டார். இப்படிப் பத்து பேரும் தோற்றுப்போனார்கள்.

ராக்குவின் மீனைத் தொட்டியில் விட்டதும் கூட்டம் முழுக்க நெருங்கி வந்தது. பெள்ளிராஜ் ஸ்கேலைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா."

"அது வந்துங்க" என்று ஆரம்பித்தாள். மீன் அவளைப் பார்த்தது, அல்லது பார்க்கிற மாதிரி இருந்தது. செதில்கள் எந்தப் பக்கம் போகலாம் என்று காத்திருப்பது எங்களுக்கே தெரிந்தது. அழகம்மாக்கா பழக்க தோஷத்தில் 'சின்னதுதான்னு சொல்லிரு' என்று முணுமுணுத்தாள். ஞானப்பிரகாசம் பொறுக்கமாட்டாமல் இருபத்திரண்டு அங்குலம் என்று கத்திவிட்டார், அவர் சொன்னால் செல்லாது என்பதால் மீன் கவலைப்படவில்லை. ராக்குவின் உதடு இரண்டு தரம் அசைந்தது, ஏதோ ஒன்று சின்னதாகி வெளியே வரப் பார்த்தது, அவள் அதை விழுங்கினாள். இந்த மீனை நான் பிடித்தேன் என்று ஒரு நினைப்பு அவளுக்குள் வந்தது, வந்த நினைப்பு போகவில்லை.

"பதினாலே கால்" என்றாள்.

மீன் அசையவில்லை. வால் நுனிகூட, செவுள்கூட ஒரு நொடி அசையவில்லை. ஐப்பசியிலிருந்து அன்றைக்கு வரைக்கும் எங்கள் ஊரில் சொன்ன வாய்க்கு முன்னால் கடைசிவரை சும்மா கிடந்த முதல் மீன் அதுதான். பெள்ளிராஜ் ஸ்கேலை வைத்தார், குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், பதினாலே கால் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பாறையில் உட்கார்ந்திருந்த மலையாண்டி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பெள்ளிராஜ் வழிகாட்டி வேலைக்கான படிவத்தையும் பேனாவையும் எடுத்தார். இன்னும் ஒரே ஒரு கட்டம் எழுத வேண்டியிருந்தது, அதையும் அவள் வாயால்தான் கேட்டு எழுத வேண்டும்.

"மீன் பிடிக்க உங்களுக்கு எந்த அளவுக்குத் தெரியும்?"

இதை அவளிடம் யாரும் எப்போதும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதோ கொஞ்சம் என்றிருப்பாள், ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதுதான் பதில். ராக்கு ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"நல்லாத் தெரியும்ங்க" என்றாள்.

ஐப்பசியிலிருந்து பழகிய பழக்கம், நாங்கள் எல்லோரும் சட்டென்று அவளைப் பார்த்தோம், வளர்கிறாளா, சுருங்குகிறாளா என்று. அவள் அவள் அளவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.